குறுகிய பயணமும் குடும்பத்தின் பொறுப்பும்

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழி நீண்டதன்று. ஏறத்தாழ 27 கிலோமீட்டர்தான். காலையில் புறப்பட்டவர் மாலைக்குள் கால்நடையாகவே சென்றடையக்கூடிய தொலைவு. ஆயினும், மலைநகரிலிருந்து பாலைநிலத்தின் ஊடே ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே இறங்கும் அந்த வழியில்தான், நம் ஆண்டவர் கூறிய உவமையின் மனிதன் கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தான். நல்ல சமாரியன் உவமையைப் பிறரன்பின் பாடமாக நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அருகருகே அமைந்த இரு ஊர்களுக்கிடையே நிகழ்ந்த ஒரு சாலைக் கதையாகவும் அதைச் சற்று எண்ணிப் பார்ப்போமாக. பழகிய வழி; நாள்தோறும் மக்கள் சென்று வரும் வழி; அங்கேதான் உயிருக்கு ஆபத்து நேர்ந்தது.

நெடும்பயணம் என்றால் நம் குடும்பங்கள் விழிப்பாக இருக்கின்றன. வேளாங்கண்ணிக்குச் செல்வதானால் ஒரு மாதத்துக்கு முன்னரே பேச்சுத் தொடங்கிவிடும். யார் யார் வருகிறார்கள், எங்கே தங்குவது, வழியில் எங்கே உண்பது, பிள்ளைகளுக்கு என்ன மருந்து எடுத்துச் செல்வது என்று ஒவ்வொன்றும் கவனிக்கப்படும். ஆனால் பக்கத்து நகருக்குச் செல்லும் பயணத்துக்கு இந்த அக்கறை இருப்பதில்லை. "இதோ இருக்கிறது, ஒன்றரை மணி நேரம்" என்கிறோம். எழுந்த வேகத்தில் புறப்படுகிறோம். திட்டமின்றிப் புறப்படுவதால், வீட்டில் இழந்த நேரத்தைச் சாலையில் தேடுகிறோம். இக்கட்டுரை அதைப் பற்றியதே.

ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையை நம்மில் பலர் அறிவர். ஏறக்குறைய 80 கிலோமீட்டர். பாளையங்கோட்டை, தூத்துக்குடி, கோட்டாறு என மூன்று மறைமாவட்டங்களை அது தொட்டுச் செல்கிறது. அதன் பெரும்பகுதி, ஸ்ரீநகரில் தொடங்கி 3,700 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. முன்பு 7-ஆம் எண்ணால் வழங்கப்பட்டது என்பது மூத்தோருக்கு நினைவிருக்கும். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி ஆகிய ஊர்களைக் கடந்து காவல்கிணறு வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நான்கு வழிச்சாலையாக ஓடுகிறது. காவல்கிணற்றில் நாகர்கோவில் செல்வோர் பிரிந்து, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தோவாளையைக் கடந்து நகருக்குள் நுழைகின்றனர்.

முதல் 60 கிலோமீட்டரும் கடைசி 20 கிலோமீட்டரும் ஒன்றுபோல் இருப்பவை அல்ல. முதற்பகுதியில் அகன்ற சாலை நம்மை மயக்கி வேகத்துக்கு அழைக்கும். ஆனால் நடுத்தடுப்பின் திறப்புகளில் கிராமத்து மக்கள் கடப்பார்கள். ஒரு கிலோமீட்டர் சுற்றுவதற்குச் சோம்பி, இருசக்கர வாகனத்தில் எதிர்த்திசையில் வருவோரும் உண்டு. பிற்பகுதியில் ஊர்கள் நெருங்கிவிடும். தோவாளை மலர்ச்சந்தை அதிகாலையில் களைகட்டுவது. பூக்கூடைகளோடு நிற்கும் வண்டிகளும் மக்களும் சாலையோரத்தில் இருப்பார்கள். நான்கு வழிச்சாலையில் பழகிய காலும் கண்ணும் இந்த மாற்றத்துக்கு உடனே இணங்குவதில்லை. எனவே காவல்கிணறு வந்ததும் ஓட்டுகின்றவர் மனத்தில் ஒரு புதுப் பயணம் தொடங்க வேண்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். முப்பந்தலைச் சுற்றிலும் காடு போல் எழுந்து நிற்கும் காற்றாலைகளே அக்காற்றின் வலிமைக்குச் சாட்சி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலையிடுக்கின் வழியே அது பாய்ந்து வரும். இருசக்கர வாகனத்தையும், மேற்கூரையில் மூட்டை கட்டிய வேனையும் பக்கவாட்டில் தள்ளக்கூடியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இவ்வழியே செல்வோர், பெரிய லாரி ஒன்றைக் கடந்து முன்னேறும் கணத்தில் காற்று திடீரெனத் தாக்கும் என்பதை எதிர்பார்த்து, வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மனைவியையும் கைக்குழந்தையையும் பின்னே அமர்த்திக்கொண்டு இருசக்கர வாகனத்தில் இவ்வழி முழுவதும் செல்ல நினைப்பவருக்கு என் வேண்டுகோள் ஒன்றே: பேருந்தில் செல்லுங்கள். இவ்விரு நகர்களுக்கும் இடையே இடைநில்லாப் பேருந்துகள் ஓடுகின்றன. 1981 முதல் இரயிலும் ஓடுகிறது.

வீட்டு வாசலில் தொடங்கும் அவசரம்

பாளையங்கோட்டையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். நாகர்கோவிலில் உறவினர் குழந்தைக்குக் காலை 10 மணிக்குத் திருமுழுக்கு. குடும்பத் தலைவரே ஞானத்தந்தை. காலை 7 மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. 7 மணிக்குத்தான் பாட்டி குளிக்கச் செல்கிறார். சின்னவனின் ஒரு காலணியைக் காணவில்லை. "எம்மா, மோதிரப் பெட்டிய எங்க வச்சிய?" என்று மகள் கேட்க, பீரோ மீண்டும் திறக்கப்படுகிறது. புறப்படும்போது மணி 8.20. வழியில் பெட்ரோல் போட வேண்டியிருக்கிறது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் கணக்கில் பணம் இல்லை என்று தெரிகிறது. நாங்குநேரியைத் தாண்டும்போது மணி 9.15. பின்னிருக்கையிலிருந்து அன்போடுதான் அந்தச் சொல் எழுகிறது: "கொஞ்சம் விரசா போ மக்கா, ஃபாதர் ஆரம்பிச்சிருவாவ."

இந்த வீட்டில் யாரும் தீயவர் அல்லர். குடிபோதையில் இல்லை, பந்தயம் ஓட்டும் எண்ணம் இல்லை. ஆனால் 80 நிமிடத் தாமதம் முழுவதும் இப்போது ஒருவருடைய வலது காலின்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது. காலணி தேடிய நேரமும், மோதிரம் தேடிய நேரமும் அந்த முடுக்கு மிதியின் வழியாகவே ஈடுகட்டப்பட வேண்டும் என்று ஆறு பேரும் எதிர்பார்க்கிறார்கள். விபத்து சாலையில் நிகழ்கிறது. அதன் விதை பல வேளைகளில் வீட்டுக்கூடத்தில் விழுகிறது.

அப்படி விரைந்து நாம் ஈட்டுவதுதான் என்ன? பள்ளிப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு இது. காவல்கிணறு வரையுள்ள 60 கிலோமீட்டரை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 45 நிமிடம். 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 36 நிமிடம். மிச்சம் ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடத்துக்கு நாம் தரும் விலையையும் பார்ப்போம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுநர் ஒரு நொடி கவனம் பிசகினால் வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். 100-இல் 28 மீட்டர். மோதும் விசையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. வேகம் கால் பங்கு கூடும்போது, மோதலின் ஆற்றல் பாதிக்கு மேல் கூடிவிடுகிறது.

குருக்களின் சார்பில் ஒன்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஞானத்தந்தை வழியில் இருக்கிறார், சற்றுத் தாமதமாகும் என்று ஒரு தொலைபேசிச் செய்தி வருமானால், எந்தப் பங்குக் குருவும் கால் மணி நேரம் காத்திருக்க மறுக்கமாட்டார். ஓட்டுகிறவர் பேசாமல், அருகில் இருப்பவர் அச்செய்தியைச் சொன்னால் போதும். குழந்தையின் திருமுழுக்கு நாளை அக்குடும்பத்தின் துக்க நாளாக்குவதைவிட, கோவில் முற்றத்தில் நாங்கள் காத்து நிற்பது எவ்வளவோ மேல்.

பின்னோக்கி எண்ணும் கணக்கு

எனவே பயணத் திட்டத்தைச் சென்றடைய வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கைப்பேசியின் வரைபடம் ஒன்றரை மணி நேரம் என்று காட்டலாம். அது சக்கரம் உருளும் நேரம் மட்டுமே. பாட்டி இறங்கி ஏறும் நேரமும், குழந்தை வாந்தியெடுக்கும் நேரமும் அதற்குத் தெரியாது.

10 மணித் திருமுழுக்குக்கு 9.30-க்குக் கோவில் வாசலில் இருக்க வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து நெடுஞ்சாலையைச் சேர 15 நிமிடம். காவல்கிணறு வரை நிதானமான வேகத்தில் 50 நிமிடம். வழியில் இளைப்பாற 15 நிமிடம். ஆரல்வாய்மொழி முதல் நகருக்குள் கோவில் வரை 35 நிமிடம். எதிர்பாராதவற்றுக்கு 20 நிமிடம். மொத்தம் இரண்டேகால் மணி நேரம். ஆகவே புறப்பட வேண்டிய நேரம் காலை 7.15. வண்டியின் கதவு மூடப்படும் நேரம் அது என்பதை வீட்டார் யாவரும் முந்தைய நாளே அறிந்திருக்க வேண்டும். எதிர்பாராதவற்றுக்கென்று ஒதுக்கிய 20 நிமிடம் தேவைப்படாமல் போனால் நட்டமில்லை. நற்கருணைப் பேழையின் முன் அமைதியாக அமர்ந்திருக்கலாம்.

நேரத்தோடு திசையையும் எண்ணுதல் நன்று. நாகர்கோவிலுக்குச் செல்லும் கடைசிப் பகுதி மேற்கு நோக்கியது. காலையில் திருநெல்வேலியிலிருந்து செல்வோருக்கு அங்கே கதிரவன் முதுகுப்புறம் இருக்கும். மாலையில் திரும்பும்போதும் முதுகுப்புறமே. நாகர்கோவிலிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புவோருக்கு நிலைமை நேர்மாறு. இரு வேளையும் தாழ்ந்த கதிரவனின் ஒளி நேரே கண்ணில் படும். அவர்கள் முன்கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்துவிட்டுப் புறப்படுவதும், புறப்படும் நேரத்தைச் சற்று மாற்றிக்கொள்வதும் அறிவுடைமை.

முந்தைய நாள் மாலையில் செய்ய வேண்டியவை சில. எரிபொருள் அன்றே நிரப்பப்பட வேண்டும். டயரின் காற்றை, அது சூடேறும் முன் பார்க்க வேண்டும். மாற்று டயரையும் மறக்கலாகாது. முகப்பு விளக்கு, பிரேக் விளக்கு, மழைக்காலமானால் கண்ணாடி துடைப்பான் ஆகியவற்றை இயக்கிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை செல்லுபடியாகும் நிலையில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பரிசுப் பொருள், உடை, மருந்து, குடிநீர் ஆகியவை இரவே கதவருகில் வந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டப்போகிறவர் நேரத்தோடு உறங்கச் செல்ல வேண்டும்.

ஓட்டுநர் யார்?

தோபித்து நூலில் பயணத் திட்டம் ஒன்று அழகாகச் சொல்லப்பட்டுள்ளது. முதியவர் தோபித்து தம் மகனை மேதியா நாட்டுக்கு அனுப்ப எண்ணியபோது, இறைவன் காப்பார் என்று சொல்லி வாளாவிருக்கவில்லை. வழி தெரிந்த நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தேடச் சொன்னார். வந்தவரிடம் மகன் தோபியா, அந்த நாட்டுக்குச் செல்லும் வழி தெரியுமா என்று வினவினார். தந்தை அவருடைய குலத்தையும் குடும்பத்தையும் விசாரித்தார். நாள் கூலியைப் பேசி முடித்தார். நலமாகத் திரும்பினால் கூடுதலாகத் தருவதாகவும் வாக்களித்தார். இத்தனைக்கும் வந்தவர் வானதூதர் இரபேல்! வானதூதரையே விசாரித்துத்தான் மகனை ஒப்படைத்தார் அந்தத் தந்தை.

நாமோ வாடகை வேன் ஒன்றைப் பேசும்போது, கட்டணத்தை மட்டும் கேட்கிறோம். "தம்பி, நேற்று இரவு வண்டி ஓட்டினீர்களா? உறங்கினீர்களா?" என்று கேட்பவர் எத்தனை பேர்? திருமண மாதங்களில் ஒரே ஓட்டுநர் அடுத்தடுத்து இரவும் பகலும் ஓட்டுவதுண்டு. மறுத்தால் பிழைப்புப் போய்விடும் என்று அவரும் அஞ்சுகிறார். அவருக்குத் தக்க கூலி கொடுப்பதும், விருந்து வீட்டில் அவரையும் அமர்த்தி உணவு பரிமாறுவதும், திரும்பும் முன் நிழலான இடத்தில் ஒரு மணி நேரம் கண்ணயர இடம் தருவதும் நீதியின் கடன். நம் பிள்ளைகளின் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

வீட்டுப் பிள்ளை ஓட்டுவதானால் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். "நம் ஊர்ச் சாலைதானே" என்று பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் சாவியைக் கொடுக்கும் தந்தையர் இன்னும் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், அத்தகைய குற்றத்துக்குப் பெற்றோரையே பொறுப்பாக்கி, மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க வகை செய்துள்ளது. சட்டத்துக்கு அஞ்சியாவது அவர்கள் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்வார்களாக.

எண்கள் சொல்லும் உண்மை

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. இறந்தோர் 1,68,491 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 460 இறுதிச் சடங்குகள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழகமே முதலிடத்தில் நின்றது. இங்கு மட்டும் 64,105 விபத்துகள், 17,884 இறப்புகள். நாட்டில் இறந்தோருள் பத்தில் ஏழு பேர் அளவுமீறிய வேகத்தால் மாண்டனர். தலைக்கவசம் அணியாதிருந்து மாண்டோர் 50,029 பேர். இருக்கைப் பட்டை அணியாதிருந்து மாண்டோர் 16,715 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஓட்டுநர் அல்லர், உடன் பயணம் செய்தோர்.

இக்கடைசி எண்ணை நம் தாய்மார்கள் சிந்திக்க வேண்டும். பட்டை முன்னிருக்கைக்கு மட்டுமே என்று எண்ணி, பின்னிருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அமர்கிறோம். மோதும் கணத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்த இயலாது. பின்னிருக்கைக்கும் பட்டை கட்டாயம் என்பதே சட்டம். ஐந்து பேருக்கான வண்டியில் எட்டுப் பேரை ஏற்றினால், மூவருக்கு நாம் பட்டையை மறுக்கிறோம் என்று பொருள். இடம் போதாதெனில் இருவர் பேருந்தில் வரட்டும். அதில் மானக்குறைவு ஒன்றும் இல்லை.

இது அறநெறிச் செய்தியா, போக்குவரத்துக் காவலர் சொல்ல வேண்டிய செய்தியா என்று சிலர் கேட்கக்கூடும். 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2290-ஆம் எண்ணில், குடிபோதையாலோ வேகத்தின்மீது கொண்ட மோகத்தாலோ தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குவோர் கனமான குற்றத்துக்கு ஆளாகின்றனர் என்று போதிக்கிறது. இது கொலை செய்யாதே என்னும் ஐந்தாம் கட்டளையின் விளக்கத்தில் அமைந்துள்ளது. குடியேற்றத்தார்க்கான திருப்பீட அவை 2007-இல் வெளியிட்ட சாலைப் பணிக்கான வழிகாட்டியும், ஓட்டுநருக்கென வகுத்த பத்துக் கட்டளைகளில் இதனையே முதலாவதாக வைத்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது, நாம் வண்டி ஓட்டும் முறையையும் ஆய்ந்து பார்க்க வேண்டும்.

செபமாலையும் முடுக்கு மிதியும்

நம் குடும்பங்கள் வண்டி நகரும் முன் சிலுவை அடையாளம் வரைவது நல்ல வழக்கம். புனித கிறிஸ்தோபரின் உருவம் பதித்த பதக்கத்தைப் பலர் வண்டியில் வைத்திருக்கின்றனர். செபமாலை சொல்லிக்கொண்டே செல்வோரும் உளர். இவை யாவும் போற்றத்தக்கன. ஆனால் ஆலயக் கோபுர உச்சியிலிருந்து குதி, தூதர் உம்மைத் தாங்குவர் என்று அலகை கூறியபோது, ஆண்டவர் குதிக்கவில்லை. கடவுளைச் சோதிக்கலாகாது என்றார். பதக்கத்தை முன்னே வைத்துக்கொண்டு 120 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பவர், அலகை சொன்னதைச் செய்கிறார் அன்றோ?

சிறிய செய்தி ஒன்றும் இங்கே சொல்லத்தக்கது. செபமாலையை முன்கண்ணாடியின் நடுவே தொங்கவிடுகிறோம். அது ஆடும்போது ஓட்டுநரின் பார்வையை மறைக்கிறது. கடந்து செல்லும் ஒரு சைக்கிளை மறைக்க அது போதும். செபமாலை கையில் இருக்கட்டும். செபத்தைப் பின்னிருக்கையில் உள்ளவர் முன்னின்று சொல்லட்டும். ஓட்டுகிறவரின் செபம், அவருடைய விழிப்பான கண்களே.

ஆரல்வாய்மொழியில் கால் மணி நேரம்

திட்டத்தில் இளைப்பாற 15 நிமிடம் ஒதுக்கினோம். அதை எங்கே செலவிடுவது? நம் மக்களுக்கு இவ்வழியில் ஈடிணையற்ற இடம் ஒன்று உண்டு. ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில்தான், 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், புனித தேவசகாயம் விசுவாசத்துக்காகத் தம் உயிரைத் தந்தார். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த அவர், 1745-இல் காவல்கிணற்றை அடுத்துள்ள வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். கொல்லப்பட்ட பின் அவருடைய உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரும், உயிர்நீத்த மலையும், துயில்கொள்ளும் கல்லறையும் இந்தக் கடைசி 20 கிலோமீட்டரை ஒட்டியே அமைந்துள்ளன.

ஆண்டுதோறும் பத்து முறை இவ்வழியே விரைந்து செல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அம்மலையில் கால் வைத்திருக்கிறார்கள்? திருமுழுக்குக்குச் செல்லும் ஒரு ஞானத்தந்தை, திருமுழுக்கின் பொருட்டு உயிர் தந்தவரின் மலையடியில் கால் மணி நேரம் நின்று செபித்துவிட்டுச் செல்வதைவிடச் சிறந்த ஆயத்தம் எது? நான்கு வழிச்சாலையில் பழகிய கண்களுக்கும் அங்கே ஓய்வு கிடைக்கும். குறித்த நேரத்தில் வீட்டைவிட்டுப் புறப்படும் குடும்பத்துக்கு இந்தக் கால் மணி நேரம் கிட்டும். தாமதமாகப் புறப்படும் குடும்பமோ மலையைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு போகும்.

சமாரியனிடம் இருந்தவை

மீண்டும் எரிகோ வழியில் நின்ற சமாரியனை நோக்குவோம். அவரிடம் இரக்கம் இருந்தது. அதோடு எண்ணெயும் திராட்சை மதுவும் இருந்தன. காயத்தைக் கட்டும் துணி கிடைத்தது. சாவடிக்காரரிடம் கொடுக்க இரு தெனாரியம் பையில் இருந்தது. ஓர் இரவை அங்கே செலவிடும் நேரமும் அவரிடம் இருந்தது. வேண்டியவற்றை உடன்கொண்டு புறப்பட்டிருந்தார். வழியில் நிற்க நேரமும் வைத்திருந்தார். ஆகவே இரக்கம் எழுந்தபோது அதைச் செயலாக்க அவரால் இயன்றது.

நம் வண்டியிலும் முதலுதவிப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். சுத்தமான துணி, கட்டுத்துணி, கிருமிநாசினி, கையுறை, டார்ச் விளக்கு, குடிநீர் ஆகியவை போதும். வழியில் விபத்தைக் கண்டால், நம் வண்டியைச் சாலையை விட்டு விலக்கி நிறுத்தி, எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, 108-க்கு அழைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையின் உதவிக்கு 1033 என்னும் எண்ணும் உண்டு. எந்த ஊரைத் தாண்டினோம் என்பதையும், ஓரத்துக் கிலோமீட்டர்க் கல்லின் எண்ணையும் சொன்னால் ஆம்புலன்ஸ் விரைவில் வந்து சேரும். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைத் தேவையின்றிப் புரட்டலாகாது. பீறிட்டு ஓடும் குருதியைத் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

"போலீசு, கோர்ட்டு என்று அலைய நேருமே" என்ற அச்சத்தால் பலர் ஒதுங்கிச் செல்கின்றனர். இன்று அந்த அச்சத்துக்கு இடமில்லை. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுவோர்மீது வழக்குத் தொடர இயலாது என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு வழங்குகிறது. உதவியவர் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டும் என்று யாரும் வற்புறுத்தலாகாது. அச்சட்டம் ஆங்கிலத்தில் அவர்களை 'நல்ல சமாரியர்' என்றே அழைக்கிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, விபத்தில் காயமுற்றோர் முதல் 48 மணி நேரத்துக்குக் குறிப்பிட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

திரும்பும் வழி

போகும்போது காட்டிய கவனத்தைத் திரும்பும்போது நாம் கைவிடுவதுண்டு. விருந்து முடிந்து, வயிறு நிறைந்து, பிற்பகல் வெயிலில் வண்டியை எடுக்கிறோம். உறக்கம் கண்ணை அழுத்தும் வேளை அது. ஒரு மணி நேரம் உறவினர் வீட்டில் ஓய்வு கொண்டு, நான்கு மணியளவில் புறப்பட்டால், இருட்டும் முன் வீடு வந்து சேரலாம். இருளில் இச்சாலையில் நிறுத்தி வைக்கப்பட்ட லாரிகளும், திரியும் மாடுகளும் கண்ணுக்குப் புலப்படுவது அருமை. விருந்தில் மது வழங்கப்படுமானால், ஓட்டுகிறவர் ஒரு துளியும் தொடலாகாது. "சும்மா கொஞ்சம்" என்று வற்புறுத்தும் மாமனும் மைத்துனனும், அவருடைய மனைவி மக்களின் உயிரோடு விளையாடுகிறார்கள் என்பதை உணர வேண்டும். அப்போது குறுக்கிட்டு மறுக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. அச்சொல்லைக் கேட்டுக் கோபப்படாத கணவரே நல்ல ஓட்டுநர்.

ஆகவே, அன்பான குடும்பத்தாரே, அடுத்த முறை பக்கத்து நகருக்குச் செல்ல நேரும்போது, முந்தைய நாள் இரவு செபம் முடிந்ததும் கலையாமல் பத்து நிமிடம் அமர்ந்திருங்கள். எத்தனை மணிக்குக் கதவு மூட வேண்டும், யார் ஓட்டுவது, யார் எங்கே அமர்வது, எங்கே இளைப்பாறுவது, எப்போது திரும்புவது என்று பேசி முடியுங்கள். பெரியவர் ஒருவர் ஓட்டப்போகிறவரின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, அவரை உறங்க அனுப்பட்டும். காலணியையும் மோதிரப் பெட்டியையும் மற்றவர்கள் அன்றிரவே தேடி எடுத்து வைக்கட்டும்.